ஒரு கைவிலங்கும் இரண்டு மண்டபங்களும்

அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மரத்தில் காய் இருக்கிறது, உன் அம்மா காலையில் எழுந்த கையோடு என்னைத் திட்டவும் செய்கிறாள். ஆகவே வீட்டில் எல்லோரும் சுகம் என்று எடுத்துக்கொள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு பெங்களூரு போனதிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாய், சந்தோஷம். ஆனால் உன் அம்மா பேசி முடித்துப் போனை என் கையில் தரும்போது உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுகிறாய். நீ என்னிடம் விடாமல் கேட்கும் கேள்விக்கு அந்த அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதினால்தான் ஆகும்.

கோயமுத்தூர் மாலில் அந்த ஜெயில் விளையாட்டுக்குள் உன் அப்பா அம்மாவையும் மாமனார் மாமியாரையும் போட்டுப் பூட்டினாயே, அதைத்தான் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வெளியே உட்கார்ந்து டிவியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படம் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. "நேரம் ஓடிட்டிருக்குது, ரெண்டு பெரிய மனுசங்க கட்டில்ல உக்காந்து கண்ணைத் தொடச்சுட்டு இருக்கீங்க. அப்படி என்னுங்கப்பா பேசுனீங்க?" என்று அன்றைக்கே கேட்டாய். நான் சொல்லவில்லை. உன் அம்மா அவளுக்குத் தோன்றியபடி சொல்லியிருப்பாள். அவள் சொல்லும் எந்தக் கதையிலும் நான்தான் முட்டாள். இந்தக் கதையில் முட்டாள்கள் இரண்டு பேர் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாசியில் நம் வீட்டில் உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்தோம் அல்லவா? அன்று சாப்பிட்டு வெற்றிலை போடும்போது உன் மாமனார் கேட்டார், "கல்யாணம் எங்கீங்க வெச்சுக்கலாம்?" நான் மரியாதையாக, "உங்க இஷ்டமுங்க சம்பந்தி" என்றேன். அவர் பதறிப்போய், "அய்யோ, பொண்ணு ஊட்டுக்காரங்க நீங்க, உங்க இஷ்டந்தானுங்க" என்றார். "அதெப்படீங்க? உங்களுக்கு எதுவோ அதுதானுங்க எங்களுக்கும்" என்றேன் நான். வெற்றிலைத் தட்டு காலியாகும் வரை அவர் அந்த இஷ்டத்தை என் மடியில் வைப்பதும் நான் எடுத்து அவர் மடியில் வைப்பதுமாக இருந்தோம். கடைசியில் இருவரும் சிரித்து, "அப்பச் சரீங்க" என்று எழுந்துவிட்டோம். எது சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வாரமே நான் நம் ஊர் கிணத்துக்கடவில் மண்டபம் பேசி முன்பணம் கட்டினேன். அதே வாரம் அவர் தன் ஊர் கோபியில் மண்டபம் பேசி முன்பணம் கட்டினார். ஒரே பெண், ஒரே மாப்பிள்ளை, ஒரே வைகாசி முகூர்த்தம், இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். இப்படி ஒரு காரியத்தைச் செய்ய நம் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் உன் அம்மா வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனேன். இரண்டாவது தோசை வைக்கும்போதே, "போதுமுங்க" என்றேன். இன்னும் மூன்று தடவையாவது வற்புறுத்துவார்கள் என்று நம்பித்தான் சொன்னேன். உன் தாய்மாமன் பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவன், சொன்னதை அப்படியே நம்பி இலையை எடுத்துவிட்டான். பொழுதோடு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பன் தின்றேன். புது மாப்பிள்ளை, பட்டு வேட்டி, கையில் பன். அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மண்டப விஷயம் போனில்தான் வெடித்தது. வெடித்தது என்று சொல்வதுகூடத் தப்பு. நம் பக்கத்தில் கோபம் ஏறினால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "மண்டபம் சொல்லிப்போட்டனுங்க சம்பந்தி" என்றேன். "அடடா, நானும் சொல்லிப்போட்டனுங்களே" என்றார். பிறகு அவர், "அதுக்கென்னுங்க, உங்க இஷ்டம்போலப் பண்ணிக்குங்க" என்றார். நானும், "இல்லீங்க, உங்க இஷ்டம்போலப் பண்ணுங்க" என்றேன். போனை வைத்தோம். அதன்பிறகு அவர் விட்டுக்கொடுப்பார் என்று நானும், நான் விட்டுக்கொடுப்பேன் என்று அவரும் காத்திருந்தோம். இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், நான்கு பேர் இருப்பார்கள். பொண்ணு ஊட்டுக்காரருக்குப் பெருமை ஜாஸ்தி என்று கோபியில் யாரோ சொன்னது கிணத்துக்கடவுக்கு வந்தது. பொண்ணு கேட்டு வந்தாங்களா, மண்டபம் கேட்டு வந்தாங்களா என்று நான் சொன்னது கோபிக்குப் போனது. சித்திரை பிறந்தும் பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை. எந்த ஊர் மண்டபத்தின் பெயரைப் போடுவது என்று கேட்க ஒருவரும் இல்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் பேச்சையே நிறுத்தியிருந்தோம்.

அப்போதுதான் நீ அம்மாவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் வாங்க, சேலை எடுக்கலாம் என்றாய். நீ அங்கே விடுதியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். நானும் சேலைதான் என்று நம்பிக் காரை எடுத்தேன். உக்கடம் தாண்டும்போது உன் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்களும் வாராங்க. இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரலீன்னா, இந்தக் கல்யாணமே வேண்டாம்னு புள்ள சொல்லிப்போட்டா." எனக்குக் கோபம் வந்தது. வண்டியைத் திருப்பலாம் என்றுகூடப் பார்த்தேன். ஆனால் நீ ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், அது எனக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் என் வழியில் வந்தது. நீ நிறுத்திவிடுவாய் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் வண்டியைத் திருப்பவில்லை.

மாலில் வண்டி நிறுத்தக் காசு. அங்கே ஒரு டம்ளர் காபி விற்கும் விலைக்கு இங்கே எனக்கு ஒரு வேளைச் சாப்பாடே கிடைக்கும். மூன்றாவது மாடியில் நீ கூட்டிப்போன இடத்தில் கம்பி போட்ட கதவு, சிவப்பு விளக்கு, சுவரில் கைதி பொம்மை. தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். நம் வம்சத்தில் காசு கொடுத்து ஜெயிலுக்குப் போன முதல் ஆள் நான்தான். செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். ஒரு பெண் வந்து சட்டங்களைச் சொன்னாள். ஒரு மணி நேரம், உள்ளே துப்புகள் இருக்கும், கண்டுபிடித்துப் பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் நேரம் ஆனதும் அவர்களே திறந்துவிடுவார்கள். சொல்லிக்கொண்டே பெண்கள் இருவரையும் ஓர் அறைக்குள் விட்டாள். எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குள் விட்டு, என் இடது கையையும் உன் மாமனாரின் வலது கையையும் சேர்த்து ஒரே விலங்காக மாட்டினாள். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முதல் ஒரு மணி நேரத்தை நீயே பார்த்தாய். பேச்சு கேட்காததால் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு அறைக்கும் நடுவில் கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஜன்னல், அந்தப் பக்கம் உன் அம்மாவும் மாமியாரும். எங்கள் அறையில் ஓர் இரும்புக் கட்டில், சுவரில் கிறுக்கிய படங்கள், எட்டாத உயரத்தில் ஒரு பரண். விலங்கின் சாவி அந்தப் பரணில் மினுங்குவது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நான் வலது பக்கம் போக நினைத்தேன். அவர் கையும் சேர்ந்து வரவேண்டுமே. அவரிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏப்புள்ள, சம்பந்தியம்மாகிட்டச் சொல்லி, அவிய ஊட்டுக்காரரைச் சித்தெ இந்தப் பக்கம் நகரச் சொல்லு" என்றேன். உன் அம்மா உன் மாமியாரிடம் சொன்னாள். உன் மாமியார் ஜன்னலுக்கு வந்து, "ஏனுங்க, அவிய உங்களைச் சித்தெ நகரச் சொல்றாங்க" என்றார். என் கையோடு கை பூட்டிக்கிடந்த உன் மாமனார், "எந்தப் பக்கம்னு கேளு" என்றார். அந்தக் கேள்வி அதே வழியாகச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது.

அதோடு நின்றதா? கட்டிலில் யார் ஏறுவது என்பதில் அரை மணி நேரம். "அவிய மூத்தவங்க, அவிய ஏறட்டும்னு சொல்லு." "அவிய பொண்ணு குடுக்கறவங்க, அவியளே ஏறட்டும்னு சொல்லு." பெண்கள் அறையில் எண் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று இருந்தது. அதை அவர்கள் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் சுவரில் இருந்த படங்களை எண்ணிச் சொன்னால் திறந்திருக்கும். ஆனால் ஆம்பளைங்க சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள், சேலை விலை பேசிக்கொண்டே காத்திருந்தார்கள். சைரன் அடித்தபோது நாங்கள் கட்டிலில்கூட ஏறியிருக்கவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து, இத்தனை நாளில் விலங்கையே கழற்றாமல் வெளியே வந்த குழு நீங்கள்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நீ சிரிக்கவில்லை. சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். என்னைப் பார்த்து, "விடுங்கப்பா, போலாம்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ அமைதியாகச் சொன்னாய். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் இருவரும் எங்களுக்குத் தெரியாமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று புரிந்தது. கல்யாணம் நின்றுவிட்டது. நிற்க வைத்தது நான். அந்த நிமிடம் என் நெஞ்சு எப்படிக் கிடந்தது என்று எழுதத் தெரியவில்லை. நீ பிறந்த பிறகு எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

அந்தப் பெண் விலங்கைக் கழற்றச் சாவியோடு வந்தாள். உன் மாமனார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், என் கையும் கூடவே போனது. "இருங்க அம்மணி, அவுக்காதீங்க" என்று அவளிடம் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினார். "ஏனுங்க சம்பந்தி, தோத்துப்போட்டா ஊட்டுக்குப் போறது?" நான் அந்தப் பெண்ணிடம், "இன்னொரு தடவைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன். அதே விலை என்றாள். விலை கேட்டுவிட்டு நான் பேரம் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காசை எடுக்கப் பையில் கை விட்டேன், அது விலங்கு மாட்டிய கை. அவரும் அதே நேரத்தில், "நான் குடுக்கறனுங்க" என்று தன் பையில் கை விட்டார், அதுவும் விலங்கு மாட்டிய கை. என் கை அவர் பைக்குப் போவதும் அவர் கை என் பைக்கு வருவதுமாக நாங்கள் மல்லுக்கட்டிய நேரத்தில், உன் மாமியார் தன் பர்சைத் திறந்து காசை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டார். அங்கே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கதவு மூடியதும் நான் அவரிடம் ஒரு கண்டிஷன் போட்டேன். "சம்பந்தி, இந்தக் கதவுக்கு உள்ள இருக்கற வரைக்கும் 'உங்க இஷ்டம்'ங்கற பேச்சே வேண்டாமுங்க. அவியவியளுக்கு என்ன வேணுமோ அதை வாயைத் திறந்து சொல்லிப்போடறது." அவர் யோசித்தார். "சரீங்க. எனக்கு நீங்க கட்டில்ல ஏறோணும். எனக்கு முட்டி வலி" என்றார். போன தடவை எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்த விவகாரம் இரண்டு வார்த்தையில் முடிந்தது. கட்டிலைப் பரணுக்குக் கீழே இழுத்தோம். நான் ஏறினேன், அவர் இன்னொரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சாவி கைக்கு வந்துவிட்டது. விலங்கு கழன்று தரையில் விழுந்ததும் இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் பெண்கள் பயந்துவிட்டார்கள்.

இப்போதுதான் நீ கேட்ட இடம் வருகிறது. அவர் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் படங்களை எண்ண ஆரம்பித்தேன். அவர் திடீரென்று, "சம்பந்தி, எனக்குக் கோபியிலதானுங்க கல்யாணம் வேணும்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "முதல்ல நம்பரை எண்ணுவமுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. "எங்கப்பன் இடுப்பு ஒடஞ்சு கெடக்கறாரு. டாக்டர் வண்டியில தூரமாக் கூட்டிட்டுப் போகவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. கோபின்னா அஞ்சு நிமிசத்துல நாற்காலியோட தூக்கிட்டு வந்துபோடலாம். பேரன் தாலி கட்றதைப் பாக்கோணும்னு தினமும் கேக்கறாரு. இதைச் சொன்னா நீங்க பாவம் பாத்து விட்டுக்குடுத்தாப்பல ஆயிரும்னு சொல்லலைங்க" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் எண்ணுவதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் நானே போய் அந்த நாற்காலியைத் தூக்கியிருப்பேன், அம்மணி.

"நீங்க சொல்லுங்க, உங்களுக்கு ஏனுங்க கிணத்துக்கடவு?" என்று கேட்டார். பெருமைக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார். பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளையாப் போச்சே" என்று உச்சுக்கொட்டினார். இனி உன் அம்மாவுக்குப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்ன நேரம் அது. அவள் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இவ கல்யாணத்துக்கு இந்த ஊரே வந்து என்ற இலையில சாப்பிடும், அன்னைக்கு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் உட்காரும்போது மனசுக்குள் உன் கல்யாணப் பந்திக்கு இலை போட்டுப் பார்த்திருக்கிறேன். இதைத்தான் உன் மாமனாரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் துண்டை வாங்கி நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மா, "அந்த ஆளு சொன்னதை இன்னுமா நெனச்சுட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாக என்னிடம் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் யார் முதலில் சொன்னது என்று எனக்கும் அவருக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது. நான்தான் சொன்னேன். காலையில் முகூர்த்தம் கோபி மண்டபத்தில், அவர் அப்பா கண் முன்னால். சாயங்காலம் விருந்து கிணத்துக்கடவு மண்டபத்தில், என் ஊர் முன்னால். இரண்டு முன்பணமும் வீண் போகாது. "ஆகட்டுமுங்க!" என்று அவர் என் தோளில் ஓர் அடி வைத்தார், இரண்டு நாள் வலித்தது. நாங்கள் கண்ணைத் துடைத்ததை நீ டிவியில் பார்த்தாயே, அது இதற்குத்தான். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து உன் மாமியார் கம்பி வலையைத் தட்டிக் கத்தினார், "மண்டபம் முடிஞ்சுதுங்களா? அப்ப நம்பரைச் சொல்லுங்க, நேரம் போயிட்டிருக்குது!" அத்தனை அமைதியான அம்மாள் அப்படிக் கத்துவார் என்று நான் நினைத்ததில்லை.

மீதி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. அவர் படங்களை எண்ணினார், நான் கத்தினேன், உன் அம்மா பூட்டைத் திருகினாள். ஒரு எண் தப்பு. "தப்பா எண்ணிப்போட்டீங்க சம்பந்தி" என்றேன். "நீங்கதான் தப்பாச் சொன்னீங்க" என்றார். முகத்துக்கு நேராகச் சண்டை போட்டோம். அது எவ்வளவு சுகம் தெரியுமா? பெட்டி திறந்தது, அறைச் சாவி வந்தது, பெண்கள் வெளியே வந்து எங்களைத் திறந்துவிட்டார்கள். கடைசிக் கம்பிக் கதவை நான்கு பேரும் சேர்ந்து இழுத்தபோது விளக்கெல்லாம் பச்சையாகி மணி அடித்தது. சைரனுக்கு இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. நீ ஓடிவந்து என் நெஞ்சில் முட்டிக்கொண்டு அழுதாய். "ரெண்டு மண்டபமும் வெச்சுக்கறோம் கண்ணு" என்று மட்டும்தான் சொன்னேன், மற்றதைச் சொல்ல எனக்கு அப்போது மூச்சில்லை. தப்பித்துவிட்டோம் என்று எழுதிய பலகையைக் கொடுத்து எங்களைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்குத் தனிக் காசாம். கொள்ளைக்காரர்கள். மூன்று பிரதி வாங்கினேன்.

மற்றதெல்லாம் நீயே பார்த்தாய். கோபியில் உன் மாமனாரின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்சதை போட்டதும், அது உங்கள் தலைக்கு எட்டாமல் என் சட்டையில் விழுந்ததும் உனக்குத் தெரியும். முகூர்த்தம் முடிந்து அவர்கள் ஊர் ஜனம் பஸ் பஸ்ஸாகக் கிளம்பிப் பொழுதோடு கிணத்துக்கடவு வந்து இறங்கியபோது, நம் ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நீ மேடையில் நின்றதால் பந்தியைப் பார்த்திருக்க மாட்டாய். உன் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வரிசை வரிசையாகப் போனார். இலை போட்டு மாளவில்லை. ஊரே வந்தது, அம்மணி. தொட்டிலை எட்டிப் பார்த்த அந்த ஆளும் வந்தார், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அவருக்கு நான் என் கையால் பாயசம் ஊற்றினேன். "போதுமுங்க" என்றார், விடாமல் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பந்தியில் நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷம் ராஜாக்களுக்குக்கூட இருந்திருக்காது.

புத்தி சொல்லாமல் அப்பன் கடிதம் முடியாது. மாப்பிள்ளை நல்ல பையன், அவன் அப்பாவைப் போலவே மரியாதைக்காரன், அதனால்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று நீ கேட்டு, அவன் உன் இஷ்டம் என்றால் நம்பாதே. அவனுக்கு மனசில் ஓர் இடம் இருக்கும். கேட்டு வாங்கு. உனக்கு வேண்டியதையும் சொல்லு. சொல்லாமலே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தால் இருவரும் வெவ்வேறு மண்டபத்தில் போய் நிற்பீர்கள். சண்டை வரட்டும், பரவாயில்லை. ஒரே அறைக்குள் முகம் பார்த்துப் போடும் சண்டையில் ஒரு கெடுதலும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் எப்பங்கப்பா வரட்டும்?" என்று கேட்டாய். "உங்களுக்கு எப்பச் சௌகரியமோ அப்ப வாங்க கண்ணு, ஒண்ணும் அவசரமில்லே" என்றேன். அத்தனை பட்டும் வாய் பழக்கத்தை விடவில்லை. நான் சொன்னது சுத்தப் பொய். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால், நீ விடுதியிலிருந்து வருவாய் என்பது போல உன் அம்மா இன்னும் மூன்று பேருக்கே சமைக்கிறாள், மிச்சத்தை நானும் பேசாமல் தின்கிறேன். பொண்ணை ஆடிக்கு அழைத்து வருவதுதான் முறை, தெரியும். ஆடி வரைக்கும் என்னால் முடியாது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. இதை உன் மாமனாருக்கும் போனில் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் முடியாதுங்க சம்பந்தி, எனக்கும் அந்த ஞாயித்துக்கிழமைதான் வேணும், புள்ளைங்களைப் பாக்காம இருக்க முடியலே" என்று நேராகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து சண்டை நடக்கிறது, இப்போதும் போன் அடித்துக்கொண்டிருக்கிறது, அவர்தான். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோபிக்கு அப்புறம் போகலாம், நீ நம் வீட்டுக்கு வரக் கோயமுத்தூருக்கே டிக்கெட் எடு.

உன் வரவைக் கேட்டு வாங்கும்
அப்பா